வளவும் வாக்குச்சீட்டும்

பெல்மதுளைச் சந்தியில் இரத்தினபுரி வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஓபநாயக்க வழியாகப் பலாங்கொடைக்கு மலையேற, மற்றது எம்பிலிப்பிட்டியை நோக்கித் தெற்கே இறங்குகிறது. இவ்வீதிகளின் இருமருங்கிலும் இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்துவரும் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் வெள்ளைத் துரைமாரையும் கங்காணிமாரையும் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனர். சப்ரகமுவவின் நிலத்துக்கும் ஆட்சிக்கும் உரித்தாளராயிருந்த சிங்களப் பிரபுக் குடும்பங்களைப் பற்றியோ போகிற போக்கில் ஒரு வரி எழுதியதோடு நின்றுவிட்டனர். தோட்டத் தமிழரின் வாக்குரிமையும் காணியும் பறிபோன கதையில் அக்குடும்பங்களுக்கு இருந்த பங்கு பெரிது என்பதால், கேகாலைப் பகுதியிலுள்ள ருவான்வெல்லையைச் சேர்ந்த ஜே. எச். மீதெனிய அதிகாரின் வாழ்வையும் அவருடைய குடும்பத்தின் அரசியலையும் இவ்வாரம் பார்ப்பது அவசியமாகிறது.

மீதெனிய 1867இல் பிறந்தார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவர் பிறந்த 'ரதல' வகுப்பு கண்டி அரசின் பிரபுக்குலமாகும். இவ்வகுப்பினரின் பெருவீட்டைச் சிங்களவர் 'வளவ்வ' என்பர். தமிழில் அது வளவு என்று வழங்கலாயிற்று. வளவின் பலம் நிந்தகம எனப்படும் காணிகளில் இருந்தது. அரசன் தன் பிரதானிகளுக்கு வழங்கிய கிராம நிலமே நிந்தகம. அதைப் பயிரிட்ட குடியானவர் தலைமுறை தலைமுறையாக வளவுக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தபோதும் நிந்தகமக் காணிகளையும் கோயிற் காணிகளையும் அந்த ஒழிப்புக்குப் புறம்பாகவே விட்டுவைத்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழிசெய்ததேயன்றி, நிந்தகம முறை முற்றாக ஒழிவதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபுறத்தில், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத சாதாரண கிராமத்தவரின் சேனை நிலங்களும் காடுகளும் 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின் கீழும், 1897ஆம் ஆண்டு தரிசுநிலச் சட்டத்தின் கீழும் அரசின் கைக்குப் போய், அங்கிருந்து தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. வளவுக்காரர் தப்பினர், கிராமத்தவர் இழந்தனர் என்று இதைச் சுருக்கிச் சொல்வது மிகையாகாது.

நிலத்தோடு பதவியும் சேர்ந்தபோதுதான் வளவின் அதிகாரம் முழுமை பெற்றது. பல கோறளைகள் அடங்கிய பிரிவொன்றில் வரி சேகரித்தல், ஒழுங்கைக் காத்தல், சிறு வழக்குகளை விசாரித்தல் முதலியவற்றைக் கவனித்த உள்ளூர்த் தலைவரே ரட்டே மஹத்மயா எனப்பட்டார்; அரசாங்க அதிபராயிருந்த ஆங்கிலேயர் ஊர்நிலைமையை அறிந்ததும், கிராமத்தவர் அரசின் விருப்பத்தை அறிந்ததும் அவர் வாயிலாகவே. கேகாலைப் பகுதியில் இப்பதவியை வகித்த மீதெனிய, பெருநிலக்கிழாராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் உயர்ந்து, கண்டி மன்னரின் தலைமை அமைச்சருக்குரிய 'அதிகார்' என்னும் பழைய பட்டத்தை ஆங்கில அரசிடமிருந்து பெற்றார். மன்னன் இல்லாத நாட்டில் மன்னனுடைய அமைச்சரின் பட்டத்தை அந்நிய ஆளுநர் வழங்கியதும் அதைப் பெற்றவர் பெருமையாகக் கருதியதும், ஆங்கிலேயர் காலத்துப் பிரபுவின் நிலை எத்தகையது என்பதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளரின் வாக்குக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவர்கள் எல்லாரும் வாக்களித்தால் மலைநாட்டுத் தொகுதிகள் தம் கையைவிட்டுப் போகும் என்று கண்டியத் தலைவர்கள் அஞ்சியதே அதற்கு ஒரு காரணம். அவ்வாண்டு நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் ருவான்வெல்லைத் தொகுதி மீதெனியவுக்குக் கிடைத்தது. அவர் அவ்வாண்டிலேயே காலமானார். நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகள் அடலின் மொலமுரே வென்று, இலங்கைச் சட்டசபையொன்றில் இடம்பெற்ற முதற் பெண்மணி ஆனார். அடுத்த ஆண்டில் கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து இரண்டாமவர். அடலினின் கணவர் பிரான்சிஸ் மொலமுரே அதே சபையின் முதற் சபாநாயகராக வீற்றிருந்தார். பெண் ஒருவர் சபைக்குள் நுழைந்தது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வாசல் தந்தையின் தொகுதி வழியாகவே திறந்தது. வாக்குச்சீட்டின் முதல் ஐந்தாண்டுகளில் கேகாலைக் கிராமத்தவர் வளவுக்குப் பழகிய பணிவோடுதான் அதைப் பயன்படுத்தினர்.

அப்பணிவை உடைத்தது மலேரியா. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் நாடெங்கும் ஏறத்தாழ 1 இலட்சம் பேரைப் பலிகொண்டது. கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டது. கிராமம் கிராமமாக மருந்தும் பருப்பும் கொண்டுசென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்களுள் லண்டனில் படித்துத் திரும்பிய என். எம். பெரேராவும் ஒருவர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தொடங்கியது. 1936 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் பெரேரா ருவான்வெல்லையில் அடலினைத் தோற்கடித்தார். நோயுற்ற வேளையில் வாசலுக்கு வந்தவர் யார் என்பதைக் கிராமத்தவர் மறக்கவில்லை.

ஆனால் வளவு ஓய்ந்துவிடவில்லை. பிரான்சிஸ் மொலமுரே 1943இல் பலாங்கொடைக்கு வந்து ஓர் இடைத்தேர்தலில் வென்றார்; 1947இலும் அதே தொகுதியில் வென்று, புதிய நாடாளுமன்றத்தின் முதற் சபாநாயகரானார். அடலின் செனட் சபைக்குச் சென்றார். பெல்மதுளைக்கு அப்பாலுள்ள மலைத்தோட்டங்களின் தமிழர் 1947இல் வாக்களித்தவர்கள். தாங்கள் வாக்களித்த நாடாளுமன்றமே 1948இல் இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பலாங்கொடையின் உறுப்பினர் சபாநாயகராயிருந்த சபையில் அச்சட்டம் நிறைவேறியது. ருவான்வெல்லையின் உறுப்பினர் என். எம். பெரேரா அதை எதிர்த்து நின்றார். 1951 ஜனவரியில் மொலமுரே பதவியிலிருக்கும்போதே இறந்தார்.

பலாங்கொடையின் உண்மையான வேர்க்குடும்பம் வேறு. அங்கு மஹவலதென்ன என்னும் ரட்டே மஹத்மயாவின் மகளை மணந்த பார்ன்ஸ் ரத்வத்தை, மாமனாருக்குப் பின் அதே பதவியை வகித்தார். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட மாத்தளைத் திசாவையின் வழிவந்தவர் அவர். 1916இல் பிறந்த அவருடைய மகள் சிறிமாவோ, தாய்வழிப் பாட்டனாரின் பெரிய நூலகத்தில் வாசித்தும், இரத்தினபுரி பேர்கசன் பாடசாலையிலும் பின்னர் கொழும்புக் கன்னியர் மடத்திலும் கற்றும் வளர்ந்து, 1940இல் மஹவலதென்ன வளவில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மணந்தார். கரையோரச் சிங்களவரின் முதன்மையான முதலியார் குடும்பமும் மலைநாட்டு ரதலக் குடும்பமும் அத்திருமணத்தால் இணைந்தன. கணவர் கொல்லப்பட்டபின், 1960 ஜூலையில் அவர் உலகின் முதற் பெண் பிரதமரானார்.

1964இல் அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். சம்பந்தப்பட்ட தொழிலாளரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இதைவிடக் கசப்பானது நிலத்தின் கதை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை இளைஞர் பெருந்தொகையாக இறங்கியதைக் கண்ட அரசு, மறு ஆண்டில் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒருவர் 50 ஏக்கருக்கு மேல், நெல்வயலாயின் 25 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என விதித்தது. அவ்வமைச்சரவையின் நிதியமைச்சர் என். எம். பெரேரா. ஐந்தரை இலட்சம் ஏக்கருக்கு மேல் அரசுடைமையாயிற்று. பிரதமரின் சொந்தக் குடும்பக் காணிகளும் தப்பவில்லை. தன் வகுப்பின் சொத்தின் மீதே கைவைத்த துணிவை எவரும் மறுக்க முடியாது. எனினும் காணியை இழந்த வளவு அரசியலை இழக்கவில்லை: சிறிமாவோவின் சகோதரர் கிளிபர்ட் ரத்வத்தையும் அவருடைய மனைவி மல்லிகாவும் பலாங்கொடையின் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தனர்.

தோட்டத் தொழிலாளருக்கோ அச்சீர்திருத்தத்தில் பங்கே இருக்கவில்லை. தனியார் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறிய 1973, 1974ஆம் ஆண்டுகளில் வேலை நாட்கள் குறைந்தன. அரிசியும் மாவும் பங்கீட்டில் சுருங்க, லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. சுவீகரித்த காணி அயற்கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட இடங்களில், அதே மண்ணில் மூன்று, நான்கு தலைமுறையாக உழைத்தோர் வெளியேற்றப்பட்டனர். 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி அவ்வாறு பகிரப்படுவதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1981 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறை இரத்தினபுரி மாவட்டத்துக்கே வந்தது. பெல்மதுளை, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டன. உயிர்தப்பியோரில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று, அங்கே காடு வெட்டித் தம் முதற் காணித்துண்டைப் பெற்றனர்.

(தொடரும்)