பதினாறாம் நம்பர் குழாய்

போன வருஷம் ஒரு ராத்திரி அப்பாவுக்குத் திடீர்னு ஒண்ணுக்கு நின்னு போச்சு. ப்ராஸ்டேட் வீக்கம். அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, மனுஷன் துடிச்சுப் போயிட்டார். ஆஸ்பத்திரியில குழாய் போட்டு பை நிறைய ஆரம்பிச்சதும் அவர் முகத்துல வந்த நிம்மதி இருக்கே, அதைச் சொல்லி மாளாது.

ஆனா விடிகாலையில அதே மனுஷன் "இந்தச் சனியனை எடுத்துடுறா"ன்னு குழாயைப் பிடிச்சு இழுக்கப் போயிட்டார். சிஸ்டர் ஓடி வந்தாங்க. "ஐயா, இழுக்காதீங்க! உள்ள பலூன் இருக்கு, கிழிச்சிடும்!"

பலூனா?!

அப்பதான் உத்துப் பார்த்தேன். குழாயோட வெளி முனையில ஆரஞ்சு கலர், 16ன்னு ஒரு நம்பர். கேஸ் ஷீட்டுல 'ஃபோலீஸ்'னு எழுதியிருந்தது. யாருய்யா இந்த ஃபோலி? கட்டில் பக்கத்துல உக்காந்து தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

இந்த அவஸ்தை மனுஷனுக்குப் புதுசில்லை. கி.பி. 79ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பாம்பேய் நகரத்தைத் தோண்டினப்பவே இதுக்கான வெண்கலக் குழாய்கள் கிடைச்சிருக்கு. ஆம்பளைங்களுக்கானது 'எஸ்' மாதிரி வளைஞ்சிருக்கும். சுஸ்ருத சம்ஹிதையும் குழாய்க் கருவிகளை 'நாடி யந்திரம்'னு தனி வகையாவே வச்சிருக்கு. சிக்கல் என்னன்னா, உடம்புக்குள்ள பாதை வளைஞ்சு போகுது, உலோகம் வளைஞ்சு கொடுக்காது. வலியை நெனச்சுப் பாருங்க.

1752ல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதுல கை வைக்கிறார். ஆமாம், இடி மின்னல்ல பட்டம் விட்டதா படிச்சோமே, அதே ஆள், அதே வருஷம். பாஸ்டன்ல இருந்த அவரோட அண்ணன் ஜானுக்கு மூத்திரப்பையில கல். ஃபிலடெல்ஃபியாவுல ஒரு வெள்ளி ஆசாரி கிட்டப் போய், பக்கத்துலயே உக்காந்து சொல்லிச் சொல்லி, வளையுற மாதிரி ஒரு வெள்ளிக் குழாய் செய்ய வச்சு, கடிதத்தோட அண்ணனுக்கு அனுப்பினார். வளையுற குழாய் ஐரோப்பாவுல அதுக்கு முன்னாடியே உண்டு, அதனால 'முதல் கண்டுபிடிப்பு'ன்னெல்லாம் சொல்ல வேண்டாம். ஒரு தம்பி அண்ணனுக்குச் செஞ்சதுன்னு சொன்னாப் போதும், எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. ஜான் 1756ல இறந்துட்டார். பின்னால ஃபிராங்க்ளினுக்கும் அதே கல் வந்தது.

உண்மையான விடிவு ரப்பர்ல வந்தது. 1839ல சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோட சூடாக்கி உறுதியாக்கினார். அப்புறம் பாரிஸ் டாக்டர் நெலாட்டான் பேர்ல சிவப்பு ரப்பர் குழாய் வந்தது. அந்த 16ம் பாரிஸ் சரக்குதான். ஷாரியேர்னு ஒரு கருவி செய்யறவர் வச்ச அளவு. ஒரு நம்பர்னா மூணுல ஒரு பங்கு மில்லிமீட்டர். ஆக 16ன்னா, அஞ்சு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல.

உள்ள போறது சுலபமாச்சு. ஆனா நிக்கணுமே? பிளாஸ்திரி போட்டு ஒட்டினாங்க, நூலால கட்டினாங்க. இங்கதான் நம்ம ஃபோலி வர்றார். ஃபிரெடெரிக் ஃபோலி, அமெரிக்காவுல மினசோட்டா மாநில டாக்டர். ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற ரத்தத்தை அழுத்தி நிறுத்தத்தான் குழாய் நுனியில பலூன் வச்சார். உள்ள போனதும் தண்ணி ஏத்தினா உப்பும், குழாய் நழுவாது. 1935ல சக டாக்டர்களுக்குக் காட்டினார். அடுத்த வருஷம் காப்புரிமை கேட்டுப் போனா, டேவால் ரப்பர் கம்பெனிக்காக பால் ரைச்சேங்கிறவர் சில மாசம் முந்திட்டார்! வழக்கு நடந்து, கடைசியில ஃபோலி தோத்துட்டார். காப்புரிமை அவங்களுக்கு, பேரு மட்டும் இவருக்கு. இன்னிக்கு ரைச்சேயை யாருக்குத் தெரியும்? :-)

ஆனா நின்ன குழாயே வில்லனாவும் ஆச்சு. அது உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏறுற வாய்ப்பு கூடும். முதல் உலகப்போர்ல முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்கள் பலர் காயத்தால சாகலை, மூத்திரத் தொற்றாலயும் படுக்கைப் புண்ணாலயும்தான் செத்தாங்க. 1944ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரிக்கு வந்த லுட்விக் குட்மான், குழாயை உள்ளயே விட்டு வைக்காம, வேளாவேளைக்குச் சுத்தமா போட்டு எடுக்கிற முறையைப் பிடிச்சுக்கிட்டார். பாராலிம்பிக்ஸுக்கு விதை போட்டவரும் இவரேதான். 1972ல அமெரிக்க டாக்டர் ஜாக் லாபிடெஸ் இன்னும் ஒரு படி போனார். கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு நோயாளியே தனக்குப் போட்டுக்கலாம், கையுறை கூட வேண்டாம், பை நிரம்பி வழிய விடறதுதான் பெரிய ஆபத்துன்னார். அதுல எத்தனையோ பேர் படுக்கையை விட்டு எழுந்து வேலைக்குப் போனாங்க.

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் தினமும் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன்: "சார், குழாய் இன்னும் வேணுமா?" உங்க வீட்டுல யாருக்காவது போட்டிருந்தா நீங்களும் கேளுங்க. நாமளா இழுக்கக் கூடாது. ஆனா கேக்கலாம், தப்பேயில்லை.

அப்பாவுக்கு வலியை விட வெக்கம்தான் ஜாஸ்தி. யாராவது பாக்க வந்தா, "அந்தப் பையைத் துண்டு போட்டு மூடுறா"ம்பார். மூணாம் நாள் சிஸ்டர் ஊசிக்குழாயால பலூன் தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டு, குழாயை உருவிட்டாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு பாத்ரூம்ல இருந்து அப்பா குரல் கேட்டுச்சு, வார்டுக்கே கேக்குற மாதிரி.

"டேய், வந்துருச்சுடா!"