வல்லாளன் வாயில்

திருவண்ணாமலைக்குச் செல்வோரின் கண்களை முதலில் ஈர்ப்பது, பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடைய இராச கோபுரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அப்பணி, தஞ்சை நாயக்க மன்னர் சேவப்பரின் காலத்தில் முற்றுப்பெற்றது. அதனைக் கடந்து உள்ளே சென்றால் எதிர்ப்படுவது வல்லாள கோபுரம். உயரத்தில் இளையது, வயதில் மூத்தது. இவ்வாயிலின் வரலாறு, தோற்றுப்போன ஓர் அரசரின் வரலாறாகும்.

போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் 1292-இல் அரியணை ஏறினார். இன்று கர்நாடகத்தில் அலேபீடு எனப்படும் துவாரசமுத்திரமே அவர்தம் தலைநகர். 1311-இல் மாலிக்காபூரின் படையும், 1327-இல் துக்ளக்கின் படையும் அதனைச் சூறையாடின. தம் ஊரை இழந்த அரசர், மலையடிவாரத்துத் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். இங்கு எழுந்த கோபுரம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

வடக்கே தில்லியின் அச்சுறுத்தல். தெற்கே புதிதாய்த் தோன்றிய மதுரைச் சுல்தானியம். ஏறத்தாழ எண்பது வயதில் வல்லாளர், திருச்சிக்கு அருகேயுள்ள கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தோர்க்குப் பதினான்கு நாள் உணவே எஞ்சிய நிலையில் போர் நிறுத்தத்திற்கு இசைந்தார். அந்த ஓய்வே அவருக்கு வினையாயிற்று. எதிர்பாராத நேரத்தில் பாய்ந்த சுல்தான் கியாசுதீன் அவரைச் சிறைப்பிடித்தான். விடுவிப்பதாகச் சொல்லி யானை, குதிரை, பொருள் அனைத்தையும் பெற்றுக்கொண்டபின் கொன்றான். தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரை மதிலில் தொங்கவிட்டான். 1342-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது இது. அம்மதிலில் அதனைத் தம் கண்ணாலேயே கண்டதாக எழுதியுள்ளார் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா.

இதனைச் சமயங்களின் போராகச் சுருக்கிவிடுதல் தகாது. வல்லாளரின் படையில் இருபதாயிரம் முசுலிம்கள் இருந்தனர் என்று குறித்தவர் அதே இபின் பதூதா. சுல்தானுக்கு நெருங்கிய உறவினராயிருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் அவன் கொன்றதைக் கண்டித்து எழுதியவரும் அவரே. கொடுமை எம்மதத்தின் பெயராலும் அறமாகிவிடாது என்பதை உணர்ந்த உள்ளம் அக்காலத்திலும் இருந்தது.

மதுரையின் மதில் அம்மன்னரின் இழிவைக் காட்டிற்று. திருவண்ணாமலையின் வாயிலோ வேறொன்றைக் காத்து வைத்தது. மகப்பேறற்ற வல்லாளருக்கு இறைவனே குழந்தையாய் வந்தார் என்பது அருணாசல புராணம் கூறும் கதை. அதனையொட்டி இன்றும் ஒரு வழக்கம் நிலவுகிறது. தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்து திரும்பும் அண்ணாமலையாருக்கு மன்னர் இறந்த செய்தி தெரிவிக்கப்படுகிறது, மேளதாளம் ஓய்கிறது. மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரையில், மகனுக்குரிய கடமையாய்த் திதி கொடுக்கப்படுகிறது. பிள்ளையற்றவருக்கு ஆண்டுதோறும் பிள்ளையின் கடன் ஆற்றப்படுகிறது.

நம்பிக்கையில் நாம் வேறுபட்டோராயினும், இவ்வழக்கத்தின் முன் சற்றே நின்று சிந்திக்கலாம். இறந்தோருக்காக மன்றாடுவது திருச்சபையின் தொன்மையான மரபு. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தின் வாயிலைக் கடந்து உள்ளே செல்கிறோம். நம்மவரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஆனால் அடுத்திருக்கும் கல்லறை? புல் மண்டி, பெயர் அழிந்து, வருவாரின்றிக் கிடக்கும் அதற்கு யார் பிள்ளை? நினைப்பாரற்ற ஆன்மாக்களுக்காகவும் செபிக்க வேண்டுமென நம் பாட்டிமார் கற்பித்தது வெறும் பழக்கமன்று. இறைவனின் வீட்டில் உறவற்றவர் எவருமில்லை என்னும் விசுவாச அறிக்கையே அது.

தம்மை ஆடுகளுக்கு வாயில் என்று நம் ஆண்டவர் கூறியதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். உலகம் மதிலில் தொங்கவிட்டோரையும் ஏற்றுக்கொள்ளும் வாயில் அது. ஏனெனில் அவரே நகர வாயிலுக்கு வெளியே சிலுவையில் தொங்கவிடப்பட்டவர். அவ்வாயிலின் வழியே நுழையும் நாம், வரும் நவம்பரில் யாருமற்ற ஒரு கல்லறையிலேனும் ஒரு திரி ஏற்றி வைப்போமாக.