டிரேஸ் டுகெதர் செயலியும் தனியுரிமையும்

டிரேஸ் டுகெதர் என்பது கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், தொற்றாளருடன் நெருங்கியிருந்தவர்களைக் கண்டறியச் சிங்கப்பூர் அரசு உருவாக்கிய திறன்பேசிச் செயலியாகும். இது 2020 மார்ச் 20 அன்று வெளியிடப்பட்டது. புளூடூத் மூலம் இப்பணியைச் செய்த தொடக்ககாலச் செயலிகளுள் இதுவும் ஒன்று. நோய்த்தடுப்புக்கென்று திரட்டிய தகவலைக் காவல்துறையும் பெறலாம் என்பது 2021இல் வெளிப்பட்டதால், தனியுரிமை விவாதங்களில் இச்செயலி முக்கிய இடம் பெற்றது.

தேவை

அதுவரை சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியை நேரில் விசாரித்தே அவர் சென்ற இடங்களையும் சந்தித்தவர்களையும் பட்டியலிட்டனர். நோயாளியின் நினைவாற்றலையே இம்முறை நம்பியிருந்தது. பேருந்தில் அருகில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாதவரின் பெயரை யாராலும் சொல்ல இயலாது. இந்தக் குறையைப் போக்கவே செயலி உருவாக்கப்பட்டது.

செயல்முறை

செயலியை நிறுவிய இருவர் அருகருகே இருக்கும்போது, அவர்களின் கைபேசிகள் தற்காலிக அடையாள எண்களைப் பரிமாறிக்கொள்ளும். இவ்வெண்கள் அவ்வப்போது மாறும். சந்திப்பு நடந்த இடம் பதிவாகாது. பதிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டுக் கைபேசியிலேயே இருக்கும். பழைய பதிவுகள் தாமாக அழியும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மட்டுமே அவருடைய பதிவுகள் சுகாதார அமைச்சுக்கு அனுப்பப்படும். தற்காலிக எண் யாருடையது என்பதை அரசின் வழங்கியால் மட்டுமே அறிய முடியும். திறன்பேசி இல்லாத முதியோருக்கு 2020 சூன் முதல் சிறு கருவிகள் வழங்கப்பட்டன.

வாக்குறுதியும் சட்டமும்

திரட்டப்படும் தகவல் தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று பொறுப்பு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் 2020இல் உறுதியளித்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் மக்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் திட்டத்தில் இணைந்தனர்.

2021 சனவரி 4 அன்று, நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்விக்கு உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதிலளித்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி இத்தகவலையும் காவல்துறை கேட்டுப் பெறலாம் என்றார். மறுநாள் பேசிய பாலகிருஷ்ணன், முன்பு உறுதியளித்தபோது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு கொலை வழக்கு விசாரணையில் அவ்வதிகாரம் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதும் தெரியவந்தது.

செயலியின் தொழில்நுட்பத்தில் பழுது ஏதும் இல்லை. எல்லா ஆவணங்களையும் கேட்டுப் பெறக் காவல்துறைக்கு இருந்த பொது அதிகாரத்துக்கு இத்தகவல் விலக்கு அளிக்கப்படவில்லை என்பதே சிக்கல்.

மக்களின் அதிருப்தியைத் தொடர்ந்து 2021 பெப்ரவரி 2 அன்று சட்டத்திருத்தம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் உள்ளிட்ட ஏழு வகைக் குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் காவல்துறை இத்தகவலைப் பெறலாம் என வரையறுக்கப்பட்டது. மீறுவோருக்கு 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இதன் பின்னர், 2021 மே முதல் பல பொது இடங்களில் நுழையச் செயலியோ கருவியோ கட்டாயமாயிற்று.

ஆத்திரேலியாவுடன் ஒப்பீடு

சிங்கப்பூர் 2020 ஏப்ரலில் இந்நிரலை உலகுக்குத் திறந்து வைத்தது. அதன் அடிப்படையில் ஆத்திரேலியா அதே மாதம் கோவிட்சேஃப் செயலியை வெளியிட்டது. மறுமாதமே அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. தடமறிதலுக்கும் அச்சட்டத்தை மீறியோரை விசாரிப்பதற்கும் அன்றி, காவல்துறையினரும் தகவலைத் தொடக்கூடாது என்று தடுத்தது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை. ஏறத்தாழ ஒரே தொழில்நுட்பம் இருந்தும், இரு நாட்டு மக்களுக்கும் கிடைத்த பாதுகாப்பு வேறாக இருந்ததற்குச் சட்டமே காரணம்.

முடிவு

2022 ஏப்ரல் இறுதியில் பெரும்பாலான இடங்களில் வருகைப் பதிவு நிறுத்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் திட்டம் முடிவுக்கு வந்தது. திரட்டிய தகவல்கள் அழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. கொலை வழக்கு தொடர்பான தகவல் மட்டும் காவல்துறையிடம் காலவரையின்றி வைக்கப்பட்டுள்ளது.