சிப்பாயும் சொல்தாவும்

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்கு வயதான ஹொக்கியன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சீ பாய் போ’. அதைச் சீன எழுத்தில் எழுதும்போது ‘நான்கு வரிசை மேடு’ என்கிற மாதிரி ஒரு பொருள் வரும். அவுட்ரமில் போய் அந்த நான்கு வரிசைகளைத் தேடினால் கிடைக்காது. காதில் விழுந்த ஒலிக்குக் கிடைத்த எழுத்துகள் அவை. ஒலி நம் ‘சிப்பாய்’. இந்தியப் பட்டாளம் அங்கே தங்கியிருந்ததால் வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தைச் சிப்பாய் லைன்ஸ் என்றார்கள். 1820களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் இங்கே காவல் இருந்தவை சென்னை ராஜதானியின் காலாட்படைப் பிரிவுகள். தமிழும் தெலுங்கும் பேசிய அந்த ஆட்களின் பெயர் ஒரு சீன இடப்பெயருக்குள் ஒளிந்துகொண்டு இன்றுவரை புழங்குகிறது.

சொல் பாரசீகத்தில் பிறந்தது. ‘சிபாஹ்’ என்றால் படை, ‘சிபாஹி’ என்றால் படையைச் சேர்ந்தவன். துருக்கியில் அது குதிரை வீரனைக் குறித்தது. போர்த்துகீசியரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தியக் கரையில் அதை எடுத்துக்கொண்டு, ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்தியக் காலாளுக்குச் சூட்டினார்கள். குதிரையிலிருந்து இறங்கியதோடு சொல்லின் மதிப்பும் இறங்கிவிட்டது. தமிழில் சதுரங்கத்தின் கடைசிக் காய்க்கும் ‘சிப்பாய்’ என்று பெயர் வந்தது அதற்குப் பிறகுதான் இருக்கும்.

புதுச்சேரியில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பிரெஞ்சு வெள்ளைக்காரப் படையாள் ‘சொலுதாது’, உள்ளூர்ப் படையாள் ‘சிப்பாய்’. அந்த சொலுதாதுதான் பிறகு ‘சொல்தா’ ஆகி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலைபார்த்து ஓய்வூதியம் வாங்கும் புதுச்சேரிக்காரரின் பட்டப்பெயரானது. மூலம் இலத்தீன் மொழியின் ஒரு பொற்காசுப் பெயர். கூலிக்குப் போரிடுபவன் என்பது அடிப்படைப் பொருள். ருஷ்யர்களும் தங்கள் படையாளை இதே சொல்லால்தான் அழைத்தார்கள்: சொல்தாத். ஆக, ஜார் மன்னரின் படையாளும் புதுச்சேரிக் கடற்கரையில் மாலையில் காற்று வாங்கிய பென்ஷன்காரரும் பெயரளவில் சொந்தக்காரர்கள்.

இந்தச் சிப்பாயும் அந்தச் சொல்தாத்தின் நாட்டு மாலுமியும் ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்தார்கள். கதை தொடங்கிய இடம் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன்.

அன்று அந்தப் பெயர் இல்லை. 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டலை ஒட்டி வந்தது அது. 1915இல் அங்கே அலெக்சாண்ட்ரா சாலையும் அலெக்சாண்ட்ரா பாசறையும் இருந்தன. அந்த அலெக்சாண்ட்ரா, ஏழாம் எட்வர்டின் மனைவி. ஜார் இரண்டாம் நிக்கோலஸின் தாய்க்கு உடன்பிறந்த அக்காள். ஜாரின் பெரியம்மா பெயர் தாங்கிய சாலை என்பதைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பாசறையில் இருந்தது ஐந்தாம் இலகு காலாட்படை. முழுவதும் முஸ்லிம்கள், பெரும்பாலோர் வட இந்திய ராஜபுத்திர முஸ்லிம்களும் பட்டாணியரும். ஹாங்காங்குக்கு மாற்றல் என்று உத்தரவு வந்திருந்தது. உண்மையில் துருக்கி சுல்தானுக்கு எதிராகச் சண்டையிடத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று பேச்சு பரவியது. கர்னல் மார்ட்டினுக்கும் அவருக்குக் கீழிருந்த வெள்ளை அதிகாரிகளுக்கும் ஒத்துப்போகாது. அது சிப்பாய்களுக்கும் தெரியும். 15 பிப்ரவரி 1915, சீனப் புத்தாண்டு விடுமுறை. காலையில் ஜெனரல் ரிடௌட் வந்து அணிவகுப்பைப் பார்த்து வழியனுப்பு உரை நிகழ்த்திவிட்டுப் போனார். பிற்பகல் மூன்று மணி வாக்கில் முதல் குண்டு வெடித்தது. எட்டுக் கம்பெனிகளில் நான்கு கிளம்பின. ஒரு கூட்டம் டாங்ளின் பாசறைக்குப் போய், அங்கே கைதிகளாக இருந்த ‘எம்டன்’ கப்பலின் ஜெர்மானியர்களைத் திறந்துவிட்டது. பெரும்பாலான ஜெர்மானியர் சேர்ந்து சண்டையிட முன்வரவில்லை; சிலர் சந்தடி சாக்கில் தப்பித்தார்கள்.

எம்டனைப் பற்றி ஒரு வார்த்தை. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுத் தமிழுக்கு ‘எம்டன்’ என்ற சொல்லைக் கொடுத்த அதே கப்பல், அடுத்த மாதம் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்தில் ஜெம்சுக் என்ற ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ஜெம்சுக் என்றால் முத்து. கப்பல் தலைவர் பரோன் செர்காசோவ் அன்றிரவு கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். பிறகு இராணுவ நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஜார் ஆட்சியின் நோய் என்னவென்று மருத்துவர் யாராவது கேட்டிருந்தால் இந்த ஒரு சம்பவத்தையே காட்டியிருக்கலாம்: இரும்பு இருந்தது, பீரங்கி இருந்தது, பொறுப்பில் இருந்தவர் இடத்தில் இல்லை.

சிங்கப்பூரில் அப்போது முறையான பிரிட்டிஷ் பட்டாளம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கம்பியில்லாத் தந்தி கூட்டணிக் கப்பல்களைக் கூப்பிட்டது. பிரெஞ்சுக் கப்பல் மோன்கால்ம் வந்தது, ஜப்பானின் ஒட்டோவாவும் சுஷிமாவும் வந்தன, ருஷ்யாவின் ஒரெல் வந்தது. ஜோகூர் சுல்தானும் ஆள் அனுப்பினார். ஒரெலின் மாலுமிகள் கரையிறங்கி, காட்டிலும் ரப்பர் தோட்டங்களிலும் சிதறிய சிப்பாய்களைத் தேடிப் பிடிப்பதில் கைகொடுத்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். நாற்பத்தேழு பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. பெரும்பாலோரை அவுட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே, ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்க வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அந்தச் சிறை இருந்தது சிப்பாய் லைன்ஸ் பக்கத்தில்.

சம்பவத்துக்குத் தமிழில் ‘சிப்பாய்க் கலகம்’ என்று பெயர் நின்றுவிட்டது. கலகம் நமக்குப் பழைய சொல். நாரதர் செய்வது கலகம். சந்தைச் சண்டையும் கலகம்தான். வேலூர்ச் சிப்பாய்கள் 1806 ஜூலை 10இல் எழுந்ததையும் முதலில் கலகம் என்றே எழுதினோம். பின்னால் வந்தவர்கள் அதைப் புரட்சி என்று திருத்தினார்கள். சிங்கப்பூர்ச் சிப்பாய்க்கு அப்படித் திருத்த ஆளில்லை. அவன் எழுந்தபோது அவனோடு ஊர் எழவில்லை. துறைமுகக் கூலியும் கடைக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவனை அடக்க நான்கு நாட்டுக் கொடி வந்தது.

இரண்டே ஆண்டு கழித்து ருஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கேயும் தொடங்கியது ஒரு பாசறையில்தான்.

ஜார் ஆட்சி விழுந்ததற்குப் பலரும் ஜார் அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த ரஸ்புடினில் தொடங்குவார்கள். எனக்கு அது சுவையான கிளைக்கதை என்றே படுகிறது. ரஸ்புடின் 1916 டிசம்பரிலேயே கொல்லப்பட்டுவிட்டார், அதனால் எதுவும் சரியாகவில்லை. பட்டாளத்தில் தொடங்க வேண்டும். 1905இலும் மக்கள் எழுந்தார்கள். ஜனவரியில் அரண்மனையை நோக்கி ஊர்வலம் போனவர்கள் சுடப்பட்டார்கள், டிசம்பரில் மாஸ்கோ எழுந்தபோது செம்யோனோவ்ஸ்கி ரெஜிமெண்டை ரயிலேற்றி அனுப்பி அடக்கினார்கள். அன்று சொல்தாத் சொன்னபடி சுட்டான். 1914க்குப் பிறகு அந்தப் பழைய சொல்தாத் இல்லை. கிழக்குப் பிரஷ்யாவிலும் கலீசியாவிலும் மடிந்துபோனான். போர் முழுவதற்குமாக ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரைத் திரட்டினார்கள். தலைநகரில் 1917 தொடக்கத்தில் நெருக்கியடித்துக் கிடந்த 1,60,000 பேரில் பெரும்பாலோர் ஏர் பிடித்த கையும் சம்மட்டி பிடித்த கையும். போர்முனைக்கு அனுப்பப்படும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள். பாசறைக்கு வெளியே ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் இவர்களுடைய அக்காள் தங்கைகளைப் போன்றவர்கள்.

ரொட்டி இல்லாததற்கு விளைச்சல் மட்டும் காரணமில்லை. ரயில்பாதை போர்முனைக்கு ஓடியே தேய்ந்துவிட்டது, தானியம் தெற்கில் தங்கியது. 1914இல் வோட்கா விற்பனையை ஜார் நிறுத்தியபோது அரசு வருவாயில் கால் பங்குக்கு மேல் போயிற்று, பள்ளத்தை நிரப்ப நோட்டு அடித்தார்கள், விலை ஏறியது. 1915இல் படைத்தலைமையை ஜாரே ஏற்றுக்கொண்டு, தலைமையகம் இருந்த மொகிலியோவுக்குப் போனார். அதுவரை தளபதிகளின் தோல்வியாக இருந்தது அதன்பின் அவருடைய தோல்வியானது. தலைநகரில் மந்திரிகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

1917, அன்றைய ருஷ்ய நாட்காட்டியில் பிப்ரவரி 23, நம் நாட்காட்டிக்கு மார்ச் 8, மகளிர் தினம். ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நான்காம் நாள் ஞாயிறு, வோலின்ஸ்கி ரெஜிமெண்டின் பயிற்சிப் பிரிவு உத்தரவுப்படி கூட்டத்தைச் சுட்டது. அன்றிரவு பாசறையில் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. சார்ஜெண்ட் கிர்பிச்னிகோவ் என்பவர் தோழர்களிடம் பேச, இனிச் சுடுவதில்லை என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். காலையில் வந்த கேப்டன் லாஷ்கெவிச் திரும்பிப் போகையில் முற்றத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டார். பிறகு பக்கத்துப் பாசறையை எழுப்பினார்கள், அது அடுத்ததை எழுப்பியது. இருட்டுவதற்குள் பல்லாயிரம் துப்பாக்கிகள் கட்சி மாறின. ஜார், ஜெனரல் இவானோவைப் படையோடு அனுப்பினார். வழியில் ரயில் தொழிலாளர் தாமதப்படுத்தினார்கள். அவர் ஊருக்குள் நுழையாமலே திரும்பினார். மார்ச் 15இல் பிஸ்கோவில், ரயில் பெட்டிக்குள், நிக்கோலஸ் முடிதுறப்பில் கையெழுத்திட்டார். அவருக்காக எந்த நாட்டின் ஒரெலும் நேவா ஆற்றில் வந்து நிற்கவில்லை.

அதற்கு முதல் நாளே, தொழிலாளர் படையாட்களின் மன்றமான பெட்ரோகிராட் சோவியத் தன் முதல் ஆணையை வெளியிட்டது. சொல்தாத்துகள் தங்களுக்குள் குழு அமைத்துக்கொள்ளலாம் என்றது அது. அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு பிரிவு: அதிகாரிகள் இனிச் சொல்தாத்தை ‘நீ’ என்று அழைக்கக் கூடாது. அதுவரை கீழே இருப்பவன் மேலே இருப்பவரை ‘உயர்பிறப்பினரே’ என்று விளிக்க வேண்டும், மேலே இருப்பவர் வாய்க்கு வந்தது ‘நீ’. ருஷ்ய மொழியிலும் நீ வேறு, நீங்கள் வேறு. ஆங்கிலத்தில் இந்த ஆணையைப் படிப்பவருக்கு இது சில்லறை விஷயமாகப் படலாம். பண்ணையாரிடம் ‘ஏலே’ கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு விளக்கம் தேவைப்படாது.

செய்தி வந்தபோது பாரதி புதுச்சேரியில், சொல்தாக்களின் ஊரில் இருந்தார். ஜார் வீழ்ச்சியைப் பாடிய ‘புதிய ருஷ்யா’வில் அவர் கலகம் என்ற சொல்லைத் தொடவில்லை, ‘யுகப் புரட்சி’ என்றார். புரள் என்பதிலிருந்து புரட்சி, வறள் என்பதிலிருந்து வறட்சி வருவதுபோல. வயிற்றைப் புரட்டுவதும் பித்தலாட்டப் புரட்டும் அதே வேரில் கிடக்க, இந்த ஒரு கிளையை மட்டும் அவர் நிமிர்த்திவிட்டார்.

ருஷ்யாவில் சொல்தாத் என்ற சொல்லுக்கே ஆபத்து வந்தது. ஜார் வாடை அடிக்கிறது என்று 1918இல் அமைந்த புதிய படை அதைத் தள்ளிவைத்து ‘செம்படையாள்’ என்று புதுப்பெயர் கொடுத்தது. ‘ஆபீசர்’ என்ற சொல்லும் தோள்பட்டை வில்லைகளும் போயின. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943இல், வில்லைகளும் ஆபீசரும் திரும்பினார்கள். 1946இல் படை சோவியத் இராணுவமாகப் பெயர் மாறியபோது செம்படையாள் போய், சொல்தாத்தும் பழைய இடத்துக்கு வந்துவிட்டான். ‘நீ’யை மட்டும் விதிப்புத்தகம் திரும்பச் சேர்க்கவில்லை, பணி நேரத்தில் ‘நீங்கள்’தான் என்று அச்சில் இருந்தது. பாசறையில் வாய்மொழியாக என்ன புழங்கியது என்பது வேறு.