காவேரிப்பட்டினத்தைத் தேடினா பூம்புகார் ஏன் வருது?

ஜேஸ்டோர் மாதிரி ஒரு ஆய்வுக் கட்டுரைத் தளத்தைத் திறந்து, இங்கிலீஷ்ல காவேரிப்பட்டினம்னு டைப் பண்ணிப் பாருங்க. கடல் வரும், யவன வணிகர்கள் வருவாங்க, சிலப்பதிகாரம் வரும். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துல, தென்பெண்ணை ஆத்தங்கரையில இருக்கிற நம்ம காவேரிப்பட்டினத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

காரணம், சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தை ஆய்வாளர்கள் பல பேரு சுருக்கமா காவேரிப்பட்டினம்னே எழுதுறாங்க. தொல்லியல் துறை அங்க 1963லிருந்து 1973 வரைக்கும் நடத்தின அகழாய்வோட அறிக்கையே அந்தப் பேர்லதான் வந்துச்சு. காவேரியே ஓடாத நம்ம ஊருக்குக் காவேரி பேரு. அந்தப் பேருக்கும் இன்னொரு ஊர் ஏற்கனவே ஃபேமஸ். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும்: ரெண்டு விஷயத்துக்கு ஒரே வேரியபிள் பேரு வெச்ச கதை.

இதுல நமக்கு என்ன நஷ்டம்? ஓசூர் பக்கம் வேலைக்கு வர்ற நம்ம வயசு ஆளுங்க, சிப்காட் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு கேக்குறாங்க. தேடுறாங்க, ஒண்ணும் கிடைக்கல. உடனே இந்த ஊருக்கு வரலாறே இல்லன்னு முடிவு பண்ணிடறாங்க. ஆனா மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கணவாய் வழியா ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்குற பாதையில இருக்கு இந்த ஊரு. முதல் மைசூர் போர்ல, 1767ல, கம்பெனிப் படை காவேரிப்பட்டினம் கோட்டையைப் பிடிச்சது. அதே வருஷம் ஹைதர் அலி அதைத் திரும்ப எடுத்தார். எல்லாம் பதிவாகியிருக்கு. வேற பேர்ல.

அந்தக் கால வெள்ளைக்காரங்க எழுதினது 'கேவரிபட்டம்' மாதிரி. எழுத்துக்கூட்டிச் சொல்றேன்: சி, ஏ, வி, ஈ, ஆர், ஐ, பி, ஏ, டீக்கடையோட டீ, ஏ, எம். மார்க் வில்க்ஸ் 1810ல வெளியிடத் தொடங்கின தென்னிந்திய வரலாற்றுல இந்த எழுத்துதான். கிருஷ்ணகிரி அப்போ 'கிஸ்ட்னகெர்ரி'. இங்க ஒரு கூடுதல் தலைவலி இருக்கு. 1800க்கு முந்தைய இங்கிலீஷ் அச்சுல, சொல்லுக்கு நடுவுல வர்ற 'எஸ்' நீளமா, பாக்குறதுக்கு 'எஃப்' மாதிரியே இருக்கும். ஸ்கேன் பண்ண பக்கத்தைப் படிக்கிற மென்பொருள் அதை எஃப்னே எடுத்துக்கும். அதனால 'கிஃப்ட்னகெர்ரி'ன்னும் தேடணும். சிரிக்காதீங்க, நிஜமாவே உதவும்.

அடுத்தது மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004லதான் பிறந்துச்சு. அதுக்கு முன்னாடி தர்மபுரி. தர்மபுரியே 1965ல சேலத்திலிருந்து பிரிஞ்சது. திப்பு 1792ல விட்டுக்கொடுத்தப்போ இந்தப் பகுதிக்குப் பேரு பாராமகால். அப்போ 1900ஆம் வருஷத்துப் பஞ்சம், நிலவரி பத்தித் தேடுறப்போ கிருஷ்ணகிரி மாவட்டம்னு போட்டா என்ன வரும்? சேலம்னு போடுங்க. 1883ல வந்த லெ ஃபனுவோட கையேடும் சரி, 1918ல வந்த ரிச்சர்ட்ஸோட கெஸட்டியரும் சரி, சேலம் பேர்லதான் இருக்கு.

இப்போ இதையெல்லாம் ஒரே தேடலாக்கணும். ஊர்ப் பேரோட எல்லா வடிவத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு, நடுவுல பெரிய எழுத்துல 'ஆர்'. வெளியே பெரிய எழுத்துல 'அண்ட்' போட்டு ஹைதர், பாராமகால், சேலம்னு ஏதாவது ஒரு துணைச் சொல். ரெண்டு சொல் சேர்ந்தே வரணும்னா மேற்கோள் குறி. பூம்புகாரைத் தள்ளிவிட 'நாட்' போடலாமேன்னு தோணும். எனக்கு அதுல இஷ்டம் இல்ல. ரெண்டு ஊரையும் ஒப்பிட்டு எழுதின கட்டுரை ஒண்ணு இருந்தா, நமக்கு ரொம்ப வேண்டிய அதுவும் சேர்ந்து போயிடும். விலக்குறதைவிட துணைச் சொல்லைச் சேர்க்குறது நல்லது.

இப்படி ஒரு கேள்வியை இடம், காலம், பொருள்னு உடைக்கிறது கம்ப்யூட்டர் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன், 1933ல வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில ஒவ்வொரு நூலையும் இப்படித்தான் கூறு போட்டார். இடமும் காலமும் அவருக்குத் தனித்தனிக் கூறு. அவர் பிறந்தது சீர்காழி, அதாவது அந்த இன்னொரு காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர்!

ஒரு நல்ல கட்டுரை மாட்டிடுச்சுன்னா தேடுறதை நிறுத்திட்டு அதோட அடிக்குறிப்புக்குப் போங்க. பாராமகால் பத்தின எழுத்துன்னா பெரும்பாலும் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்'க்குக் கொண்டு போகும். 1792க்கு அப்புறம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியா இருந்த தாமஸ் மன்றோ உள்ளிட்டவங்களும் நிலத்தை அளந்து, வரியைக் கணக்குப் போட்டப்போ உருவான ஆவணங்கள். ரயத்துவாரி முறையோட தொடக்கமே இங்கதான். சென்னை அரசு பின்னாடி அதை மக்கள், விளைபொருள், நிலவரின்னு பகுதி பகுதியா அச்சடிச்சது. யாரு என்ன பயிர் பண்ணாங்க, எவ்வளவு கட்டினாங்கங்கிறது அங்க கிடைக்கும்.

தமிழ்ல எழுதின ஆய்வேடு வேணும்னா சோத்கங்கா. பட்டினம், பட்டணம் ரெண்டையும் போட்டுப் பாருங்க. பழைய எழுத்துருவுல தட்டச்சு பண்ண கோப்பா இருந்தா உள்ள இருக்கிற தமிழ் தேடலுக்குச் சிக்காது. அப்போ தேடுற பெட்டியை விட்டுட்டு, பல்கலைக்கழகப் பட்டியல்ல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைத் திறந்து, வரலாற்றுத் துறையில ஒவ்வொரு தலைப்பா படிச்சுக்கிட்டே போகணும். ஒரு சாயங்காலம் ஆகும்.