குன்னூரிலிருந்து கிளம்பிய ஒரு சத்து

குன்னூர் சிம்ஸ் பார்க்குக்குப் போனவர்கள் எல்லோரும் எதிரே உள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது "நாய்க்கடி ஆஸ்பத்திரி". 1907இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க ஆரம்பித்த இடம். ஆனால் புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றில் ஒரு கிளை இந்த வளாகத்தின் வழியாகப் போகிறது என்று சொன்னால் குன்னூர்க்காரர்களே நம்ப மறுக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு தேடித்தேடிப் படித்த விஷயங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக ஆயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவைத் தனித்தனியாக எலிகளுக்குக் கொடுத்து எது கொழுகொழுவென்று வளர்கிறது என்று பார்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று சாப்பிடும் சீக்கியர்களின் உணவு முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய நம் மதராஸ் உணவு கடைசி இடம்! இந்தக் கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் இங்கே இருந்த காலத்தில், 1929இல், லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் குன்னூருக்கு வந்து தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அதற்கு முந்தைய வருடம் பம்பாய்க்கு வந்தவர் அவர். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு விசித்திரமான சோகை வந்துகொண்டிருந்தது. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். பல பெண்கள் பிரசவத்தோடு இறந்துபோனார்கள். வசதியான வீட்டுப் பெண்களுக்கு இது அவ்வளவாக வரவில்லை. கிருமியா, சாப்பாடா என்பதுதான் கேள்வி.

1931இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணிப் பக்கம் இன்றும் "கோஷா ஆஸ்பத்திரி" என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான் அவர் வேலை செய்த இடம். ஈரல் சாறு கொடுத்தால் நோய் குணமாகும் என்று தெரியும். ஆனால் அது ஏழைக்கு எட்டாத விலை. மலிவான ஒரு பொருளை அவர் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட்! பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுப்புக் குழம்பு அது. சத்தில்லாத உணவால் சோகை பிடித்த குரங்குகளும் தேறின, கர்ப்பிணிகளும் தேறினார்கள். அந்த வருடமே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். மார்மைட்டில் என்ன சத்து இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. "வில்ஸ் காரணி" என்று பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில், கர்ப்பிணிகளுக்கு டிஸ்பென்சரியில் கொடுக்கும் மாத்திரையைப் பல பெண்கள் வாங்கிக்கொண்டு போய் லைன் வீட்டுப் பின்னால் எறிந்துவிடுவார்கள். சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று ஒரு பேச்சு. எங்கள் நர்ஸம்மா விடமாட்டார். காலையில் மஸ்டர் எடுக்கும் இடத்துக்கே தண்ணீர்ச் சொம்போடு வந்து, கண் முன்னால் விழுங்க வைப்பார். அவர் வருவதற்கு முந்தைய வருடங்களில், முகம் வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே கொழுந்து பறித்துப் பிரசவத்தில் இறந்துபோன இரண்டு பெண்களின் பெயரைச் செக்ரோலில் நான் என் கையால் அடித்திருக்கிறேன். நர்ஸம்மா கொடுத்த மாத்திரையில் இரும்புச் சத்தோடு சேர்ந்து இருந்தது வேறொன்றுமில்லை, அந்த வில்ஸ் காரணிதான்.

அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் கிடைத்தது 1941இல். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து அதைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். சில பாக்டீரியாக்கள் வளர இது கட்டாயம் வேண்டும் என்பதால் இதை "வளர்ச்சிக் காரணி" என்றே அன்றைய விஞ்ஞானிகள் அழைத்தார்கள். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வைப் புதிதாக ஒரு பிரதி எடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் வயிற்றில் வளரும் சிசுவும் வேகமாகப் பெருகுவதால் அவற்றுக்கு இது அதிகம் வேண்டும். கர்ப்பிணிக்குத் தட்டுப்பாடு வருவது அதனால்தான்.

இதைச் செயற்கையாகத் தயாரித்ததில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றவர். அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். சத்து உடம்பில் சேராமல் ஆளை உருக்கிவிடும் நோய் அது. பிற்காலத்தில் அதற்கு மருந்தாக அமைந்ததும் ஃபோலிக் அமிலமே. அமெரிக்கா போன சுப்பாராவ், லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது.

இதுவரை நடந்தது உயிர் காக்கும் கதை. இனிமேல்தான் திருப்பம்.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில் இறந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சத்துக் குறைவால் வரும் சோகையில் மஜ்ஜை கெட்டுப்போவதை ஃபோலிக் அமிலம் சரி செய்கிறதே, இதற்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று லெடர்லியிலிருந்து ஃபோலிக் அமிலச் சேர்மங்களை வாங்கிக் கொடுத்தார். விளைவு நேர்மாறாக இருந்தது. மஜ்ஜையில் புற்றுச் செல்கள் இன்னும் வேகமாகப் பெருகியது போலத் தெரிந்தது. பயிருக்குப் போட்ட உரத்தைக் களை எடுத்துக்கொண்டது!

ஆனால் ஃபார்பர் அதோடு விட்டுவிடவில்லை. கொடுத்தால் வளர்கிறது என்றால், தடுத்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, செல்லை ஏமாற்றும் போலிப் பொருள்களையும் தயாரித்திருந்தது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று இருந்தது. அதுவரை யாரும் கண்டிராத காட்சி அது. மருந்து கொடுத்துப் புற்றுநோயை அடக்க முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வேர் பிடித்தது. இரண்டே மாதத்தில், அந்த ஆகஸ்டில், சுப்பாராவ் தன் 53ஆம் வயதில் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். 1956இல் சூல்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை முழுமையாகக் குணப்படுத்திய மருந்து. கர்ப்பிணிகளைக் காக்கக் கிளம்பிய ஆராய்ச்சி, தலைகீழாகத் திரும்பி, கர்ப்பத்தால் வரும் ஒரு புற்றுநோயை வென்றது. 1980களில் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் டெல்லி, மும்பை மையங்களோடு சேர்ந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திய எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையிலும் மெத்தோட்ரெக்ஸேட் உண்டு.

கட்டிக்குப் போகும் சத்தைத் தடுப்பது ஒரு வழி. சத்து போகும் பாதையையே தடுப்பது இன்னொரு வழி. மலையில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரோடு இல்லாத இடத்தில் நாலு வீடு இருக்கலாம், ஊர் வளராது. புற்றுக்கட்டியும் அப்படித்தான் என்று சொன்னவர் ஃபார்பர் வேலை செய்த அதே மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் தலைவராக இருந்த ஜூடா ஃபோக்மேன்.

1960களில் உடம்பிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து, அதில் புற்றுச் செல்களை விட்டுப் பார்த்தார். கட்டி கடுகு அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டது. அதே செல்களை உயிருள்ள எலிக்குள் வைத்தால் மளமளவென்று பெருத்தது. வித்தியாசம் ரத்தக் குழாய்தான். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்து ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் கிளை விட வைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி கடுகாகவே நிற்கும் என்று 1971இல் எழுதினார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. அறுவை மருத்துவருக்கு உயிரியல் எதற்கு என்றுகூடக் கேலி பேசினார்கள்.

அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆயிற்று. 1989இல் கலிஃபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராரா பிரித்தெடுத்த வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் அவற்றில் முக்கியமானது. இன்றைக்கு "வளர்ச்சிக் காரணி" என்று டாக்டர்கள் சொல்வது இப்படிப்பட்ட புரதங்களைத்தான். ஃபோலிக் அமிலம் செல்லுக்கு உணவு என்றால், இது செல்லுக்கு உத்தரவு. மூச்சுக்காற்று போதாத செல் இந்தப் புரதத்தை வெளியே அனுப்பும். பக்கத்து ரத்தக் குழாயின் உட்சுவரில் அது போய் ஒட்டியதும் அங்கே புதுத் துளிர் விடும். காயம் ஆறுவதும் சிசு வளர்வதும் இதே முறையில்தான். கட்டி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் உடம்பின் நல்ல ஏற்பாட்டைத் தனக்குத் திருப்பிக்கொள்கிறது.

வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகக் கூடியது. ஐந்து மாதம்கூட இல்லை. என் அத்தை மகனுக்குக் கோயம்புத்தூரில் இந்த மருந்தை ஏற்றினார்கள். "இவ்வளவுதானா?" என்று கணக்குப் பார்த்தவன் நான். அந்த இடைவெளியில்தான் அவன் மகள் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு நான் கணக்குப் பார்ப்பதில்லை.

ஏன் முழுதாகக் குணமாகவில்லை? ஒரு பாதையை அடைத்தால் கட்டி வேறு காரணியைச் சுரந்து வேறு பாதை போட்டுக்கொள்கிறது. நல்ல ரத்தக் குழாய்களும் இந்த மருந்தால் பாதிக்கப்படும். ரத்த அழுத்தம் ஏறும், காயம் ஆறத் தாமதமாகும், ரத்தக் கசிவும் வரலாம். ஆனால் இதே மருந்து, வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் விழித்திரையில் வேண்டாத ரத்தக் குழாய் முளைத்துப் பார்வை போவதைத் தடுக்க, நம் ஊர்க் கண் மருத்துவர்கள் ஊசியாகப் போடும் மருந்தாகவும் ஆகிவிட்டது.

நீலகிரிக்காரனாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தேயிலை குடித்தால் புற்றுநோய் ஓடிவிடும் என்று வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கிறது. 1999இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பச்சைத் தேயிலைச் சாறு குடித்த சுண்டெலிகளின் கண்ணில் புது ரத்தக் குழாய் முளைப்பது குறைந்தது என்று 'நேச்சர்' இதழில் எழுதியது உண்மைதான். சுண்டெலியின் கண்ணுக்கும் மனிதனின் கட்டிக்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. நம் டீயை ருசிக்காகக் குடியுங்கள். அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

அதே போல, "சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று நோயாளியைப் பட்டினி போடும் உறவினர்களையும் பார்க்கிறேன். கட்டியைப் பட்டினி போடுவது மருந்தின் வேலை, அதுவும் டாக்டர் கணக்கிட்ட அளவில். ஆளைப் பட்டினி போட்டால் முதலில் போவது ஆள்தான். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்கள் ஃபோலிக் அமில மாத்திரையைத் தாங்களாகச் சேர்க்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

அந்த மருந்தை மிக அதிக அளவில் ஏற்றும்போது மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு நாள் கழித்து, நல்ல செல்கள் செத்துவிடாமல் இருக்க, ஃபோலினிக் அமிலம் கொடுத்து மீட்கிறார்கள். ஃபோலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு அது. லூசி வில்ஸ் மார்மைட் பாட்டிலிலிருந்து கரண்டியில் எடுத்துக் கொடுத்த சத்தின் இன்னொரு வடிவம்.