அடிபம்புக்கு ஏ.எம்.சி. போட்ட கதை

ரெண்டு மூணு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. நான் குப்பை கொட்டுறது சப்போர்ட் ப்ராஜெக்ட்ல. அதாவது, யாரோ எப்பவோ எழுதின ப்ரோக்ராம் ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துட்டா அதைத் தட்டி எழுப்புற வேலை. எத்தனை நிமிஷத்துல எழுப்பணும், எழுப்பலைன்னா எவ்வளவு அபராதம்னு ஒப்பந்தத்துல தெளிவா எழுதியிருக்கும். இந்த மாதிரி ஒரு ஒப்பந்தம் ஊர்ல இருக்குற அடிபம்புக்கு யாராவது போட்டாங்களான்னு ஒரு நாள் தோணுச்சு. தோண்டினா பெரிய கதையா வந்துச்சு. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

கதை வடக்கே ஒரு பஞ்சத்துல ஆரம்பிக்குது. 1966-67ல பீகார், உத்தரப் பிரதேசம் பக்கம் கடுமையான வறட்சி. அப்போ யுனிசெஃப் அமைப்பு பாறையைத் துளைக்கிற ரிக் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. தென்னிந்தியா முழுக்க அடியில பாறைதானே? கிணறு வெட்ட மாசக்கணக்குல ஆகுற இடத்துல இந்த ரிக் ஒண்ணு ரெண்டு நாள்ல போர் போட்டுடும். அரசாங்கமும் மளமளன்னு போர் போட்டு, மேலே வார்ப்பிரும்பு அடிபம்பு மாட்டிக்கிட்டே போனாங்க.

சிக்கல் அந்தப் பம்புலதான். அது மேல்நாட்டுல ஒரு குடும்பம், ஒரு பண்ணை வீடு உபயோகிக்கச் செஞ்ச பம்போட காப்பி. நம்ம ஊர்ல விடியக்காலை நாலு மணியிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தெருவே வரிசையில நின்னு அடிக்கும். எத்தனை நாள் தாங்கும்? 1974ல தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் எடுத்த கணக்குல, நாலு பம்புல மூணு ஓடவே இல்லைன்னு தெரிஞ்சது. கோடிக்கணக்குல செலவு பண்ணி ஊர் ஊரா இரும்புச் சிலை நட்ட மாதிரி ஆயிடுச்சு.

அதுக்கு விடையா வந்ததுதான் இந்தியா மார்க் 2. பேர் தெரியாட்டியும் பார்த்திருப்பீங்க. மூணு கால் பீடம், மேலே ஒரு பெட்டி, நீளமான இரும்புக் கைப்பிடி, கைப்பிடியோட தலையில உள்ளே ஒரு சங்கிலி. மகாராஷ்டிரத்துல சோலாப்பூர் பம்புன்னு ஒண்ணு ஓரளவு நல்லா உழைச்சுக்கிட்டு இருந்தது. அதை அடிப்படையா வெச்சு யுனிசெஃப் ஆட்களும், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ் தொழிற்சாலைக்காரங்களும் சேர்ந்து இதை உருவாக்கினாங்க. சோதிச்சுப் பார்த்த இடம் எங்க கோயமுத்தூர் மாவட்டம்! 1976-77ல நம்ம ஊர்ப் பொம்பளைங்க அடிச்சு அடிச்சுப் பார்த்துத் தேறின பம்புதான் அப்புறம் ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சு. இன்னொரு விஷயம், இதுக்கு யாரும் காப்புரிமை வெச்சுக்கலை. டிசைனை பொதுவுல வெச்சாங்க. ஐ.எஸ். 9301ன்னு இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. நம்ம ஆளுங்க ஓப்பன் சோர்ஸ்னு இன்னைக்குப் பெருமையாச் சொல்றதை அவங்க இரும்புல செஞ்சு காட்டிட்டாங்க :-)

சரி, பம்பு நல்ல பம்பு. ஆனா எந்த மெஷினும் ஒரு நாள் மக்கர் பண்ணும். பண்ணினா யார் வருவாங்க?

தமிழ்நாட்டுல இதுக்கு ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. மூணடுக்கு முறைன்னு பேர். முதல் அடுக்கு, ஊர்லயே ஒரு பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. நட்டு போல்ட்டை முறுக்கி, சங்கிலிக்கு கிரீஸ் தடவி, மேடையைச் சுத்தமா வெச்சுக்கிறது அவர் வேலை. ரெண்டாவது, யூனியன் அளவுல ஒரு மெக்கானிக். மூணாவது, மாவட்ட அளவுல ஒரு வண்டியும் ஆட்களும். பம்பு நின்னுட்டா பொறுப்பாளர் முன்கூட்டியே விலாசம் அச்சடிச்சுக் கொடுத்த ஒரு போஸ்ட் கார்டைத் தபால் பெட்டியில போடணும். அவ்வளவுதான். இந்தப் போஸ்ட் கார்டை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

வண்டி எதுக்குன்னு கேக்கலாம். மார்க் 2ல தண்ணியைத் தூக்குற சிலிண்டர் அடியில, நூறு நூத்தம்பது அடி ஆழத்துல இருக்கும். அதுல இருக்குற ஒரு தோல் வாஷர் தேஞ்சு போச்சுன்னா, அதை மாத்த மொத்தப் பைப்பையும் மேலே இழுக்கணும். பத்தடி பத்தடியாக் கழட்டி வைக்கணும். நாலஞ்சு ஆள், தூக்குற சாமான் எல்லாம் வேணும். வாஷர் விலை சில்லறைக் காசு, மாத்துற செலவு அதைப் போலப் பல மடங்கு. சர்க்கார் வண்டிக்கு டீசல் இருக்கணும், டிரைவர் இருக்கணும், எழுதின கார்டு சரியான மேஜைக்குப் போகணும். இதுல ஒண்ணு தவறினாலும் ஊர் காத்துக்கிட்டே கிடக்கும்.

இதே காலத்துல ராஜஸ்தான்ல வேற மாதிரி யோசிச்சாங்க. அஜ்மீர் மாவட்டத்துல திலோனியான்னு ஒரு கிராமம். அங்கே 1972ல பங்கர் ராய் ஆரம்பிச்ச அமைப்பு, 'மூணு அடுக்கு எதுக்கு, ஒரே அடுக்கு போதும்'னு சொன்னது. அந்தந்த ஊர்ப் பக்கத்து இளைஞர் ஒருத்தருக்குப் பயிற்சியும் சாமான் பெட்டியும் கொடுத்து, முப்பது நாப்பது பம்பை அவர் பொறுப்புல விடுறது. அவருக்குப் பேர் ஹேண்ட்பம்ப் மிஸ்திரி. மாசச் சம்பளம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு பம்புக்கு இவ்வளவுன்னு பேசின தொகை. ராஜஸ்தான் அரசாங்கமும் பின்னால இதை எடுத்துக்கிச்சு. பெண்களும் பயிற்சி எடுத்து மிஸ்திரி ஆனாங்க.

இங்கேதான் என் மண்டையில பல்ப் எரிஞ்சது. இது அப்படியே ஏ.எம்.சி. நம்ம அபார்ட்மெண்ட் லிஃப்டுக்குப் போடுறோமே, அதே வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். நான் வாடகைக்கு இருக்குற வீட்டுல லிஃப்டுக்கு இருக்குறது பாகங்கள் சேராத ஏ.எம்.சி. ஆள் வர்றது இலவசம், பாகம் மாத்தினா தனிக் காசு. கேக்கணுமா? மாசம் ஒரு பாகம் போகும். பாகமும் சேர்த்து ஒரே தொகைன்னு இருந்தா அதே கம்பெனி அதே பாகத்தை வருஷக் கணக்குல ஓட்டும். மனுஷன் கெட்டவன்னு சொல்ல வரலை. எதுக்குக் காசு கொடுக்குறோமோ அதுதான் கிடைக்கும், அவ்வளவுதான்.

பம்புக்கும் இதே கணக்கு. ரிப்பேருக்கு இவ்வளவுன்னு கொடுத்தா, அடிக்கடி கெட்டாத்தான் மெக்கானிக்குக்கு லாபம். வருஷத்துக்கு இவ்வளவுன்னு கொடுத்தா கெடாம இருந்தா லாபம், ஆனா கெட்டதைக் கண்டுக்காம இருந்தாலும் லாபம்தான். ஆள் கணக்குல கொடுத்தா, பத்து பேர் கணக்கு காட்டி ஆறு பேரை அனுப்பினா லாபம். பம்பு ஓடின நாளுக்குக் காசுன்னு கொடுத்தா மட்டும்தான் ஊருக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே ஆசை வரும். ஆனா ஓடுச்சா இல்லையான்னு யார் எழுதி வெப்பாங்க? அங்கேதான் உதைக்கும்.

1980கள்ல உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து உலகம் பூரா பம்புகளைச் சோதிச்சாங்க. திரும்பவும் கோயமுத்தூர்தான் ஒரு களம். 1983லேர்ந்து சில வருஷம் இங்கே நடந்த சோதனையில பொறந்தது மார்க் 3. பைப்பை அகலமாக்கி, பைப்பைக் கழட்டாமலே உள்ளிருக்குற பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கலாம். தோலுக்குப் பதிலா நைட்ரைல் ரப்பர் வாஷர். வண்டி வேணாம், ஒரு மெக்கானிக், ஒரு துணை ஆள் போதும். அகலமான பைப்புக்குக் காசு அதிகம்கறதாலயும், அதுக்குள்ள மார்க் 2 லட்சக்கணக்குல நட்டு முடிச்சிட்டதாலயும் இது பெருசாப் பரவலை. நல்ல வெர்ஷன் லேட்டா ரிலீஸ் ஆனா நடக்குறதுதான்.

அந்தத் திட்டத்துலேர்ந்து ஒரு கொள்கையும் வந்தது. வி.எல்.ஓ.எம். அதாவது 'கிராமமே இயக்கிப் பராமரிக்கிறது'. கொஞ்ச நாள் கழிச்சு அந்தக் கடைசி எழுத்துக்குச் சத்தமில்லாம அர்த்தத்தை மாத்தினாங்க. 'கிராமமே பராமரிக்கிறது' போய், 'பராமரிப்பைக் கிராமம் நிர்வகிக்கிறது' ஆச்சு. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனா ஊர்க்காரங்களே ஸ்பேனர் பிடிக்கணும்னு இல்லை, வெளியாளைக் காசு கொடுத்து வெச்சுக்கலாம்னு அப்பதான் ஒத்துக்கிட்டாங்க. கிராமத்துத் தண்ணிக்கு வெளியாளை ஒப்பந்தத்துல விடுற யோசனைக்கு வாசல் திறந்தது அங்கேதான்.

இந்தியாவுல அதுக்கப்புறம் காட்சி மாறிடுச்சு. 73வது அரசியல் சட்டத் திருத்தம், 1994ல தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அடிபம்பு, ஊர்த் தொட்டி, தெருக்குழாய் எல்லாம் பஞ்சாயத்து தலையில. 2002ல மத்திய அரசோட ஸ்வஜல்தாரா வந்து, கட்டுற செலவுல பத்து சதவீதமும் பராமரிப்புச் செலவு மொத்தமும் மக்களே கொடுக்கணும்னு சொன்னது. பெரிய பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் மட்டும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கிட்ட இருக்கு. வாரியம் ஆத்துலேர்ந்து எடுத்து ஊர்த் தொட்டி வரைக்கும் கொண்டு வரும், ஊருக்குள்ள பஞ்சாயத்து பார்த்துக்கணும். இதுல பல திட்டங்களோட இயக்கமும் பராமரிப்பும் டெண்டர் விட்டு காண்ட்ராக்டர் கையில. 2019 ஆகஸ்ட் 15 அன்னைக்கு அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டம், வீட்டுக்கு வீடு குழாய், தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்னு இலக்கு வெச்சது. 2024க்குள்ளன்னு சொன்னதை 2025 பட்ஜெட்ல 2028 வரைக்கும் நீட்டிச்சாங்க. குழாய் போட்டதை எண்ணுறது சுலபம். பத்து வருஷம் கழிச்சு அதுல தண்ணி வருதான்னு எண்ணுறதுதான் கஷ்டம்.

அந்த எண்ணுற வேலையை உருப்படியாச் செஞ்சு காட்டினது நம்ம ஊர் இல்லை, கென்யா. கிடுய் மாவட்டத்துல க்யூசோன்னு வறண்ட பகுதி. 2013ல ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்கள் அங்கே அடிபம்பு கைப்பிடிக்குள்ள ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டரை வெச்சாங்க. கைப்பிடி எவ்வளவு ஆடுச்சுன்னு அது எஸ்.எம்.எஸ். அனுப்பும். ஆடலைன்னா பம்பு அவுட். மெக்கானிக் கிளம்பிடுவார். அதுக்கு முன்னால ஒரு பம்பு கெட்டா சராசரியா 27 நாள் கிடக்குமாம். அது மூணு நாளுக்கும் கீழே வந்தது.

அந்தச் சோதனையிலேர்ந்து ஃபண்டிஃபிக்ஸ்னு கம்பெனியே வந்தது. ஃபண்டின்னா ஸ்வாஹிலியில மெக்கானிக். ஊர் மாசாமாசம் சந்தா கட்டும், கம்பெனி பம்பை ஓட வைக்கணும். முக்கியமான பாடம் என்னன்னா, சந்தாவை மட்டும் வெச்சுக் கட்டுப்படியாகலை. மீதிக்கு ஒரு அறக்கட்டளை நிதி வெச்சாங்க. ஆக, தனியார்கிட்ட விட்டா அரசாங்கச் செலவு மிச்சம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. செலவு அப்படியேதான் இருக்கும், வேலை ஒழுங்கா நடக்குதான்னு கேக்குற உரிமைதான் கூடுதலாக் கிடைக்கும். அந்த உரிமையும் அளந்து பார்த்தாத்தான்.

இப்ப அந்தப் போஸ்ட் கார்டுக்கு வருவோம். 1970கள்ல தமிழ்நாட்டுப் பொறுப்பாளர் போட்ட கார்டும், 2013ல கென்யாப் பம்பு அனுப்பின எஸ்.எம்.எஸ்.ஸும் ஒரே சேதிதான் சொல்லுது: 'நின்னு போச்சு, வாங்க'. சேதி சொல்ல நமக்கு அப்பவே வழி இருந்தது. எத்தனை நாள்ல வரணும், வரலைன்னா யாருக்கு என்ன வெட்டுன்னு சொல்ற ஒப்பந்தம்தான் அந்தக் கார்டுக்குப் பின்னாடி இல்லை. கென்யாவுல மாறினது அதுதான். ட்ரான்ஸ்மிட்டர் இல்லாமக் கூட இதைச் செய்யலாம். தண்ணி வந்த தேதியைத் தொட்டிச் சுவத்துல எழுதி வெச்சு, காண்ட்ராக்டர் பில்லை அந்தச் சுவத்தைப் பார்த்துப் பாஸ் பண்ணினா முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியலை. சென்னையில வீராணம் குழாய் உடைஞ்சா, 'தெருக்காரங்க கமிட்டி போட்டு ஸ்பேனர் பிடிச்சு உரிமையோட பராமரிங்க'ன்னு யாரும் சொல்றதில்லை. கிராமத்துக்கு மட்டும் பங்கேற்பு, பொறுப்புணர்வு, சுயசார்புன்னு அழகழகான வார்த்தை. அந்த வார்த்தைகளோட பாரம் கடைசியில யார் தலையில விழுதுன்னு பார்த்தா, சம்பளமில்லாமக் கிரீஸ் தடவின அந்தப் பொறுப்பாளர் மேலயும், குடத்தோட நின்ன பொம்பளைங்க மேலயும்தான். எங்க அம்மாயிக்கு ரெண்டு தோள்பட்டையும் போனது அடிபம்பு அடிச்சு, கூடவே பம்பு நின்ன நாள்ல ரெண்டு மைல் தள்ளிக் கிணத்துலேர்ந்து சுமந்து. 'பம்பு நின்னா யாருகிட்ட சொல்லுவீங்க அம்மாயி?'ன்னு ஒரு தடவை கேட்டேன். 'சொன்னா மட்டும்?'னாங்க. அவங்க ஒரு ஒப்பந்தத்தையும் படிச்சதில்லை, ஆனா அதுல என்ன ஷரத்து இல்லைன்னு தெளிவாத் தெரிஞ்சிருக்கு.

நம்ம மக்கள்ல பாதிப் பேருக்கு மேல ஏதோ ஒரு ஊரை விட்டுட்டு வந்தவங்கதான். அடுத்த தடவை போறப்போ மூணு விஷயம் விசாரிச்சுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க ஊருக்குத் தண்ணி விடுறவருக்குச் சம்பளம் யார் தர்றாங்க? மோட்டார் எரிஞ்சா யாருக்கு போன் போடுறாங்க? போன் போட்டு எத்தனை நாள்ல தண்ணி வருது? நாலஞ்சு ஊர் சேர்ந்தாலே ஒரு பட்டியல் போட்டுடலாம். ஓடின நாளை எண்ணுறதை நம்மளாவது ஆரம்பிப்போம்.